சாவி கையில், வண்டி அசையவில்லை: இம்மொபிலைசர் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

தை பிறந்தால் எனக்கு விடியற்காலையில் போன் வரத் தொடங்கிவிடும். நுவரெலியா, நானுஓயா, லிந்துலைப் பக்கம் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும் நாட்கள் அவை. "அண்ணே, ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. டாஷ்போர்டுல சாவி மாதிரி ஒரு லைட் மின்னுது. இம்மொபிலைசர் போச்சுன்னு சொல்றாங்க." வைகாசி, ஆனியில் மழை பிடித்துக்கொண்டால் இதே போன் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாவிலிருந்து வரும்.

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, போயிருக்காது. பட்டரி இறங்கியிருக்கும், சாவிக்குள் இருக்கும் நாணய செல் தீர்ந்திருக்கும், அல்லது யாரோ முன்பு பூட்டிய அலாரத்தின் வயர் பச்சை பிடித்திருக்கும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் வந்து பியூஸ் பெட்டியைக் கழற்றி, ஒரு வயரை வெட்டி, வேறு வண்டியின் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்திருப்பார்கள். சின்னக் கோளாறு பெரிய செலவாவது அந்த இடத்தில்தான். வாகன வயரிங் வேலைதான் என் தொழில். நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். காசு செலவில்லாதது முதலில், கைக்கடிப்பது கடைசியில்.

எதற்கும் முன்: உருட்டாதீர்கள்

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. ஸ்டார்ட் ஆகாவிட்டால் சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளச்சை விடுவது. பட்டரி மட்டும் இறங்கிய பழைய வண்டிக்கு அது பலிக்கும். இம்மொபிலைசர் சாவியை ஏற்காத வண்டியை ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது. ஓட்டோ கியர் வண்டியையும் ஹைபிரிட்டையும் உருட்டி ஸ்டார்ட் செய்யவே வழியில்லை.

பிடிக்காமல் போவது பெரிதல்ல, நிற்காமல் போவதுதான் ஆபத்து. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் காற்று வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாதையில் இப்படி உருட்டிய வேனைப் பார்க்கப் போனேன். ஓட்டியவர் இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றும் வேன் நிற்கவில்லை. கடைசியில் தேயிலை ஓரத்துக் கானில் இடப்பக்கச் சக்கரங்களை இறக்கித்தான் நிறுத்தியிருந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் போனபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வேனுக்கு இருந்த கோளாறு, வண்டி சாவியை அடையாளம் காண வேண்டிய சிப் சாவிக்குள் இல்லாததுதான்.

ஆகவே ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், வளைவில் நிற்கிறதென்றால் முக்கோண அடையாளத்தை நன்றாகத் தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகு கோளாறைப் பார்க்கலாம்.

விளக்கு என்ன சொல்கிறது?

வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகு சிவப்பு விளக்கு நிதானமாக மின்னுவது கோளாறல்ல. காவல் வேலை நடக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பிய பிறகு, அல்லது பட்டனை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

டொயோட்டாவில் சாவியை ஏற்றுக்கொண்டால் அந்த மின்னல் நின்று விளக்கு அணைந்துவிடும். ஹொண்டாவில் பச்சைச் சாவிப் படம் சில விநாடி எரிந்து அணையும். சுசுகியிலும் அப்படித்தான், எரிந்து அணைய வேண்டும். நிசானில் ஓன் நிலையில் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று அர்த்தம்.

அணைந்துவிட்டால் திருட்டுத் தடுப்பு உங்களை விட்டுவிட்டது. ஆறாவது அறிகுறிக்கு அடுத்து வரும் "விளக்கு அணைந்துவிட்டது" என்ற பகுதிக்குப் போங்கள். ஓன் நிலையிலும் மின்னிக்கொண்டே இருந்தால் சாவியை அது அடையாளம் காணவில்லை; இரண்டாவது அறிகுறி. விளக்கே எரியவில்லை, அல்லது எல்லா விளக்கும் மங்கலாக எரிகிறது என்றால் முதலாவதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது "சாவி இல்லை" என்று காட்டுகிறது

அக்குவா, பிரியஸ், ஃபிட், வெசல், வெகன் ஆர் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் அழைப்பு இதுதான்.

*சாவியின் செல்.* இரண்டு நாளாகக் கதவு இரண்டாவது மூன்றாவது தடவைதான் திறந்தது என்றால் செல் தீருகிறது. குளிரில் அதன் பலம் இன்னும் குறையும். பகலில் வேலை செய்த சாவி விடியற்காலை 5 மணிக்குக் கைவிடுவது அதனால்தான். இப்போதைக்கு வழி உண்டு. பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பட்டனிலேயே ஒட்டிப் பிடியுங்கள். டொயோட்டா சாவியென்றால் சின்னம் உள்ள பக்கம் பட்டனில் பட வேண்டும். பீப் சத்தம் கேட்டதும் உடனே பட்டனை அழுத்துங்கள். ஹொண்டாவில் பட்டன் மின்னும்போது சாவியின் சின்னப் பக்கத்தை அதன் நடுவில் வையுங்கள், மின்னல் நின்று நிலையாக எரிந்ததும் அழுத்துங்கள். சுசுகி, நிசான் சாவிகளையும் பட்டனில் தொட வைத்துத்தான் செய்ய வேண்டும். செல் அடியோடு செத்திருந்தாலும் இது வேலை செய்யும். சாவிக்குள் இருக்கும் சிப்புக்குச் செல் தேவையில்லை, பட்டனிலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்ளும்.

இப்படி ஸ்டார்ட் ஆகிவிட்டால் உங்கள் செலவு சில நூறு ரூபாவுக்குள் முடிந்தது. புதுச் செல் வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 2032 என்றால் 20 மில்லிமீற்றர் அகலம், 1632 என்றால் 16. இரண்டும் 3 வோல்ட், இரண்டும் ஒரே தடிப்பு. ஆனால் சின்னது பெரிய குழியில் ஆடும். கடதாசி மடித்து வைத்து ஓட்டுகிறவர்கள் அடுத்த குளிரில் மறுபடி கூப்பிடுகிறார்கள். செல்லின் இரண்டு முகத்தையும் விரலால் அமுக்கிப் பிடிக்காதீர்கள், விளிம்பைப் பிடித்து மாட்டுங்கள்.

*கதவே திறக்கவில்லை என்றால்.* சாவிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பிடிப்பு இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து உலோகச் சாவி வரும். அதனால் கதவைத் திறக்கும்போது அலாரம் அலறினால் பதற வேண்டாம். உள்ளே போய் மேலே சொன்ன மாதிரி வண்டியை ஓன் செய்தால் அடங்கிவிடும்.

*பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?* சாவியும் போனும் ஒரே பையில் இருந்தாலும், விலை குறைந்த போன் சார்ஜர் ஒன்று ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் செருகியிருந்தாலும் சாவியின் குரல் கேட்காமல் போகலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை முயலுங்கள். தொலைக்காட்சிக் கோபுரத்துக்கோ மின் நிலையத்துக்கோ அடியில் நிறுத்தியிருந்தாலும் இதே நிலைதான், அங்கேயும் பட்டனில் ஒட்டிப் பிடிக்கும் முறை கைகொடுக்கும்.

*பிரேக் விளக்கு.* பட்டன் வண்டிக்குப் பிரேக் மிதித்தது தெரியாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. வண்டிக்குப் பின்னால் சுவர் இருந்தால் மிதிக்கும்போது சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். விழவில்லையென்றால் ஸ்டாப் விளக்கின் பியூஸ், அடுத்தது பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச். பல டொயோட்டாக்களில் அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது: பிரேக் மிதிக்காமல் ஒரு தடவை அழுத்தி அக்சசரி நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பிரேக்கை மிதித்தபடி பட்டனை 15 விநாடி விடாமல் அழுத்துங்கள். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் பிரேக் விளக்கு எரியாமல் இறம்பொடை வளைவுகளில் இறங்காதீர்கள். முதலில் பக்கத்து கராஜுக்குப் போங்கள்.

*கியர்.* பி-யில் வேலை செய்யவில்லையா, பிரேக்கை மிதித்தபடி என்-னுக்கு மாற்றி முயலுங்கள். என்-னில் பிடித்தால் கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச்சில்தான் குறை. இம்மொபிலைசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

*12 வோல்ட் பட்டரி.* நான் முதலாவதாக மீட்டர் வைப்பது இங்கேதான். இரவு முழுக்க ஓய்ந்திருந்த பட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் எந்த விளக்கு எப்படி மின்னினாலும் நம்பாதீர்கள், பட்டரியைச் சரிசெய்துவிட்டுப் பேசலாம். பலம் குறைந்த பட்டரியில் சாவியைப் படிக்கும் பெட்டி தடுமாறி, திருடன் வந்த மாதிரியே நடந்துகொள்ளும். மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்; வெளிச்சம் செத்துப்போனால் பதில் கிடைத்துவிட்டது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் "பெரிய பட்டரி நல்லாத்தான இருக்கு" என்பார்கள். பெரிய பட்டரியை எழுப்பிவிடுவதே இந்தச் சின்னப் பட்டரிதான். அக்குவாவில் அது பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது, பழைய பிரியஸ்களில் பின் டிக்கியின் ஓரத்தில். பட்டரி செத்தால் அந்தப் பிரியஸின் பின் கதவும் திறக்காது. அதற்காகத்தான் பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியோடு ஜம்ப் கொடுக்கும் முனை வைத்திருக்கிறார்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பை சிவப்புக்கும், கறுப்பை உங்கள் வண்டியின் எஞ்சின் பக்கத்து வெற்று இரும்புக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஒரு விநாடி போதும், பியூஸோடு நிற்காமல் கம்ப்யூட்டர் வரை எரிந்துவிடும்.

பட்டரியை மாற்றியும் ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால், அதாவது எங்கேயோ மின்சாரம் கசிந்தால், அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, சாவி விளக்கு மின்னுகிறது

திருட்டுத் தடுப்பின் உண்மையான அறிகுறி இதுதான். திருப்பும் சாவி உள்ள வண்டிகளில் அதிகம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். திருப்பும் சாவியில் இருக்கும் செல் கதவு பூட்டும் ரிமோட்டுக்கு மட்டும்தான். எஞ்சினை அனுமதிப்பது சாவியின் தலைக்குள் தனியாக இருக்கும் சிப். அதற்குச் செல்லே கிடையாது. ஆகவே இங்கே செல் மாற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

*கொத்தைக் கழற்றுங்கள்.* சாவியை வளையத்திலிருந்து தனியாக எடுத்து அதை மட்டும் போட்டு முயலுங்கள். ஒரே வளையத்தில் இரண்டு வண்டிச் சாவிகள் இருந்தால் ஒரு சிப் இன்னொன்றை மறைக்கும். பெரிய இரும்பு வளையமும் அப்படியே. இரண்டு வண்டி ஓடும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

*பொறுத்து முயலுங்கள்.* நிசான் வண்டிக்கு இந்த முறை: ஓன் நிலையில் 5 விநாடி வைத்திருங்கள், பின் ஓஃப் செய்து 10 விநாடி காத்திருங்கள், இன்னொரு தடவை அதேபோல் செய்துவிட்டு, மற்றச் சாவிகளை எட்ட வைத்து ஸ்டார்ட் கொடுங்கள். சுசுகியில் சாவியை லொக் வரை கொண்டுபோய்த் திரும்ப ஓன் செய்து பாருங்கள். விடாமல் செல்ஃபை அடிப்பது பட்டரியைத்தான் கொல்லும்.

*இரண்டாவது சாவி.* இதைவிடத் தெளிவான சோதனை எதுவும் என்னிடம் கிடையாது. இரண்டாவது சாவியில் விளக்கு அணைந்து எஞ்சின் பிடித்தால் வண்டியில் குறையில்லை, முதல் சாவியில்தான் குறை. இரண்டு சாவியும் பலிக்கவில்லை என்றால் வண்டியில் குறை.

சாவியில் குறை என்றால்: சாவி கல்லில் விழுந்ததா, சட்டைப் பையோடு துவைத்தார்களா, கூடு மாற்றினீர்களா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகமாக "ஆமா" வருகிறது. தலவாக்கலைத் தம்பி ஒருவர் காரோடு வந்தார், பாரவண்டியில் ஏற்றி. முந்தின நாள் சந்தைக்குப் போன இடத்தில் சாவியின் உடைந்த கூட்டை மாற்றியிருக்கிறார். பளபளவென்று புதுக் கூடு. திறந்து பார்த்தேன், ரிமோட் தகடு இருக்கிறது, அதன் பக்கத்துச் சின்னக் குழி வெறுமையாக இருக்கிறது. சிப் என்பது கறுப்பாக, ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு. சில சாவிகளில் நெல்மணி அளவுக் கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக் என்று நினைத்துப் பழைய கூட்டோடு விட்டுவிட்டார்கள். "பழைய கூடு எங்க தம்பி?" என்றேன். நல்லவேளை, சின்ன மகள் விளையாட வேண்டுமென்று வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். மனைவிக்குப் போன் செய்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னோம். அந்தத் துண்டைச் சாவித் துவாரத்தின் ஓரத்தில் வைத்துப் பிடித்தபடி திருப்பியதும் விளக்கு அணைந்தது, எஞ்சின் பிடித்தது. அவருக்குச் செலவானது பாரவண்டிக் கூலி மட்டும்.

கூடு மாற்றினால் பழையதை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், சிப் இடம் மாறுவதைப் பாருங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வண்டியில் குறை என்றால்: சாவித் துவாரத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு அன்டெனா இருக்கிறது. யாராவது அண்மையில் ஸ்டியரிங் உறையைக் கழற்றினார்களா, ரேடியோ மாற்றினார்களா, அலாரம் பூட்டினார்களா என்று நினைத்துப் பாருங்கள். அதன் பிளக் பாதி கழன்றிருக்கலாம். உறையின் திருகுகளைக் கழற்றிப் பிளக்கை அழுத்திவிடுவது கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை. எயார்பேக் உள்ள வண்டியில் பட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துவிட்டே அந்தப் பக்கம் கை வையுங்கள். மஞ்சள் பிளக்குகளைத் தொடவே கூடாது. பொனட்டுக்குள்ளும் காலடியிலும் உள்ள பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் நிறுத்துங்கள். இதற்கு மேல் ஸ்கேனர் வேண்டும். சாவி தவறு என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்தால் பீ 0513 என்ற கோட் வரும். அதைப் பார்க்காமல் எவரும் எதையும் மாற்றக் கூடாது.

அறிகுறி 3: எஞ்சின் பிடிக்கிறது, இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது

சில வண்டிகள் முதலில் ஓடவிட்டுப் பிறகுதான் சாவியைக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடைவெளியில், கத்தியால் வெட்டிய மாதிரி நின்றால் இம்மொபிலைசரைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது அறிகுறியில் சொன்னவற்றையே செய்யுங்கள். இருமி, தடுமாறி, ஒரு தடவை 2 விநாடி, இன்னொரு தடவை 10 விநாடி என்று நின்றால் அது பெற்றோல் அல்லது காற்றுப் பிரச்சினை.

அறிகுறி 4: சாவி திரும்பவே மறுக்கிறது, ஸ்டியரிங் இறுகியிருக்கிறது

மலையில் சக்கரத்தை மண் திட்டுக்கோ ஓரக்கல்லுக்கோ திருப்பி நிறுத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் வண்டியின் பாரம் ஸ்டியரிங் பூட்டின் மேல் விழும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இழுக்க வருகிற பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியை மெல்லத் திருப்புங்கள். குறடு போடாதீர்கள், சாவி உள்ளே முறிந்தால் செலவு பல மடங்கு. பட்டன் வண்டியிலும் ஸ்டியரிங் பூட்டு இருந்தால் இதே வழிதான், ஸ்டியரிங்கை அசைத்தபடி பட்டனை அழுத்துங்கள்.

அறிகுறி 5: வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரம் அலறுகிறது, அல்லது அலறாமலேயே வண்டியை முடக்குகிறது

மலையகத்து வண்டிகளில் பாதித் தலைவலி இங்கேதான் என்பேன். பழைய ஆல்டோ, வேன், சின்ன லொறி, ஓட்டோ எல்லாவற்றிலும் யாரோ ஒரு காலத்தில் அலாரமோ மறைவு ஸ்விட்ச்சோ பூட்டியிருப்பார்கள். வண்டி மூன்று கை மாறிய பிறகு அது எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

*மறைவு ஸ்விட்ச்.* சீற்றுக்கு அடியில், டாஷ்போர்டின் கீழ் விளிம்பில், ஹேண்ட் பிரேக் ஓரத்தில் கையால் தடவிப் பாருங்கள். சுத்தம் செய்த பிள்ளையின் கை பட்டு ஓஃப் ஆகியிருக்கும். வாங்கும்போதே விற்பவரிடம் "கட் ஸ்விட்ச் எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

*அலாரம் ரிமோட்டின் செல்.* இவற்றில் பலதுக்கும் விரல் நுனி அளவில் உருளையான 12 வோல்ட் செல். 23ஏ அல்லது 27ஏ என்று பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

*பொனட் ஸ்விட்ச்.* மழைக்குப் பிறகு தானாக அலறும் அலாரத்துக்கு நான் முதலில் பார்ப்பது பொனட் விளிம்பில் உள்ள ஊசி ஸ்விட்ச்சை. துரு பிடித்து உள்ளே சிக்கியிருக்கும். பொனட் திறந்திருக்கிறது என்று அலாரம் நினைத்துக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடங்கும்.

*வாலே பட்டன்.* அலாரத்தோடு வந்த ஒரு சின்னப் பட்டன் டாஷ்போர்டுக்குக் கீழே வயரில் தொங்கும். சாவியை ஓன் செய்துவிட்டு அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பல அலாரங்கள் வழிவிடும். எத்தனை விநாடி, எத்தனை தடவை என்பது வகைக்கு வகை மாறும்.

*ஸ்டார்ட்டர் வெட்டும் ரிலே.* சாவி வயரை நடுவில் வெட்டி ஒரு கறுப்புச் சதுர ரிலேயை நுழைத்திருப்பார்கள். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். நான்கு மழைக்காலம் போனால் டேப்பின் பசை உருகி, உள்ளே செம்பு பச்சைத் தூளாகிவிடும். டேப்பை உரிக்கும்போது கம்பி கையோடு வரும். விரலால் ரிலேயைத் தொட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கிளிக் என்று அடித்தும் செல்ஃப் சுற்றாவிட்டால் அந்த இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இந்த வயரில் ஓடும் மின்சாரம் தீப்பிடிக்க வைக்கக்கூடியது. ஆகவே பார்ப்பது வரைதான் உங்கள் வேலை. சரிசெய்வதை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள். என்னைக் கேட்டால், பத்து வருடம் ஆன அலாரத்தைப் பழுது பார்ப்பதைவிட முழுதாகக் கழற்றிவிட்டுச் சாவி வயரைப் பழையபடி ஈயம் வைத்து இணைப்பதுதான் நல்லது.

அறிகுறி 6: மழைக்குப் பிறகு மட்டும், அல்லது விடியற்காலை மட்டும்

மதியத்தில் ஒழுங்காக ஓடுகிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. இப்படி வந்து வந்து போகும் கோளாறுதான் தவறான பொருளை மாற்ற வைக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையைத் திறந்து பாருங்கள். பைனஸ் ஊசியும் யூகலிப்டஸ் இலையும் அடைத்திருந்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். காலடி விரிப்பைத் தூக்கி உள்ளங்கையை அழுத்துங்கள். ஈரம் தட்டினால் பெட்டிகளின் பிளக்குகளும் நனைந்திருக்கும். இலையை அள்ளிவிட்டு, விரிப்பை வெளியே எடுத்து இரண்டு நாள் காயப்போட்டதிலேயே சரியான வண்டிகள் எனக்குத் தெரியும். ஹீட்டரையோ அடுப்பையோ வண்டிக்குள் வைத்துக் காயப்போடாதீர்கள்.

பட்டரி முனைகளில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, இறுக்குங்கள். லயத்துப் பக்கமோ தோட்டத்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்திலோ நிறுத்துகிறவர்கள் எலியையும் மறக்க வேண்டாம். எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்து வயரைக் கடித்துவிட்டுப் போகும். மெல்லிய வயர்த் தோல் துணுக்குகள் கீழே கிடந்தால் அதுதான்.

விளக்கு அணைந்துவிட்டது, செல்ஃபும் சுற்றுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

இது திருட்டுத் தடுப்பு அல்ல. முதலில் பெற்றோல் முள்ளைப் பாருங்கள். குறைந்த பெற்றோலோடு செங்குத்தான இடத்தில் நிறுத்தினால் தொட்டிக்குள் எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். 5 லீற்றர் ஊற்றிப் பாருங்கள். சாவியை ஓன் செய்ததும் பின்னாலிருந்து ஒரு விநாடி "உம்" என்று கேட்கும் பம்ப் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

எப்போது, யாரைக் கூப்பிடுவது

பட்டரி 12.4-க்கு மேல், இரண்டு சாவியும் தனித்தனியாகப் பார்த்தாயிற்று, பியூஸ் எல்லாம் நல்லது, வெளி அலாரம் இல்லை, விளக்கு இன்னும் மின்னுகிறது. அப்போது கூப்பிடுங்கள். போனிலேயே இவற்றை இதே வரிசையில் சொன்னால் வருகிறவர் சரியான கருவியோடு வருவார். விளக்கு மின்னுவதைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள்.

வயர், பிளக், ரிலே, அன்டெனா வளையம் என்றால் வயரிங் கராஜ் போதும். சிப் பதிவது, புதுச் சாவி செய்வது என்றால் சாவி புரோகிராம் செய்பவர். அவர் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காதவரிடம்தான் கவனம் வேண்டும். இம்மொபிலைசர் பெட்டியையோ எஞ்சின் கம்ப்யூட்டரையோ மாற்ற வேண்டும் என்று சொன்னால் இரண்டாவது ஒருவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த கம்ப்யூட்டரை அப்படியே மாட்டினால் அது உங்கள் சாவியை ஏற்காது. சாவி, பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றையும் பொருத்திப் பதியத் தெரிந்தவர் வேண்டும். "அந்த வயரை வெட்டிட்டா சரியாகிடும்" என்று எவராவது குறடு எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகள் பலவும் ஒரே சாவியோடுதான் வந்து சேர்கின்றன. வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று பதிவது லேசான வேலை. அந்த ஒன்றும் தொலைந்தால் பெட்டியையே கழற்றித் திறந்து எழுத வேண்டும், செலவு பல மடங்காகும். ஒற்றைச் சாவியோடு ஓட்டுகிறவர்கள் இந்த மாதச் சம்பளத்திலேயே இரண்டாவதைச் செய்துவிடுங்கள். செய்த பிறகு அதை வண்டிக்குள் வைக்காதீர்கள். வீட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டு ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.